அப்பாவின் பெயரில் கிடந்த வளவு

ஐந்தரை இலட்சத்தில் கட்டின வீடு என்று எங்கள் வீட்டை ஊரில் சொல்வார்கள். 'இந்தியன் வீடு' என்று இன்னொரு பெயரும் உண்டு. பால் காய்ச்சிய அன்று இரவு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நானும் அவரும் கணக்குக் கொப்பியை விரித்துக் கூட்டிப் பார்த்தோம். எட்டு இலட்சத்து நாற்பதாயிரம். அவர் கொப்பியை மூடிக் கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் செருகிவிட்டு, "இத ஒருத்தருக்கும் காட்டாத" என்றார். பத்து வருடத்துக்கு மேல் காட்டவில்லை. இப்போது காட்டுகிறேன்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளர். வீட்டுத்திட்டம் ஒன்று வரப்போகிறது என்று கதை அடிபட்டால் போதும், மறுநாள் காலையில் நாலைந்து பேர் பொலித்தீன் பையில் பத்திரங்களோடு வாசலில் நிற்பார்கள். "எத்தின இலட்சமாம் அக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்லாமல், "வளவு ஆரிட பேர்ல இரிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப்பேர் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவள்தான்.

நாங்கள் படுவான்கரை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் யானையுமாய்க் கிடக்கிற பக்கம். 2007இல் சண்டைக்குப் பயந்து வாவியைக் கடந்து போய் முகாமில் கிடந்தோம். அதே வருடம் திரும்பி வந்தபோது மண்வீட்டின் இரண்டு சுவர்தான் மிச்சம். தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். அடுத்த வருடம் அப்பா செத்துப்போனார். 2011 தை மாத வெள்ளம் கொட்டிலுக்குள் வந்து மூன்று நாள் நின்றது. தண்ணீர் நின்ற உயரத்தில் மாமரத்தில் கத்தியால் ஒரு வெட்டு வைத்தார் என் கணவர். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்திய வீட்டுத்திட்டம் எங்கள் பக்கம் வந்தது 2013இல். வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்குமாக மொத்தம் 50,000 வீடு என்று வந்த திட்டம் அது. குடும்பத்தில் எத்தனை பேர், சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்களா, வயது போனவர்கள், இயலாதவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துப் புள்ளி போட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், அம்மா, நாங்கள் இருவர். புள்ளி வந்தது. அடுத்த வளவில் தனியே இருந்த பெத்தாவுக்கு வரவில்லை. ஆள் குறைந்தால் புள்ளி குறைவு. எழுபது வயதில் கிடுகுக் கொட்டிலில் தனியே படுக்கிறவருக்கு இல்லாத வீடு வேறு யாருக்கு என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பட்டியலை ஒட்டி ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொன்னபோது பெத்தாவுக்காக எழுதியவர் ஒருவரும் இல்லை. நானும் எழுதவில்லை. என் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

பெயர் வந்த சந்தோசம் ஒரு கிழமை. அதற்குப் பிறகு காணிப் பத்திரம் கேட்டார்கள்.

எங்கள் பகுதியில் நிறையப் பேரிடம் காணி உறுதி கிடையாது. குடியேற்றத்தில் அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் இருக்கும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தருவது. அந்தக் காணியில் இருக்கலாம், பயிர் செய்யலாம். கேட்காமல் விற்கவோ துண்டு போடவோ ஏலாது. பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பிறகு இன்னார் என்று பின்னுரித்தாளரைப் பதிந்து வைக்க வேண்டும். அப்பா பதியவில்லை. பத்திரமும் இடம்பெயர்வில் தொலைந்துபோய்விட்டது.

இதில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே நின்றது. மட்டக்களப்பில் வீடுவளவு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் கணவரும் அப்படி வந்தவர். என் அண்ணாவும் அப்படியே களுவாஞ்சிகுடிப் பக்கம் போனவர். ஆகவே இந்த அரை ஏக்கர் மேட்டுக்காணி எனக்கும் தங்கச்சிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைக் கடதாசியில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். பொறுமையாய்ச் சொன்னார்: "தங்கச்சி, பத்திரம் அப்பாட பேர். அம்மா சாகும்வரைக்கும் இருக்கலாம், அவங்க வேற ஆளுக்கு எழுதிக் குடுக்க ஏலாது. அதுக்குப் பிறகு சட்டப்படி மூத்த ஆம்பிளப்பிள்ள." அண்ணா அப்போது கட்டாரில். அவருக்கு அந்த வளவில் ஒரு தென்னம்பிள்ளைகூட வேண்டாம். ஆனால் சட்டத்துக்கு அவர்தான் ஆள். அம்மா கந்தோர் வாசலிலேயே இருந்துவிட்டா. "சீதனக் காணிக்கு ஆம்பிளப் புள்ளையா கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா.

(ஆணுக்கு முதல் உரிமை என்ற அந்த ஒழுங்கை 2022இல் சட்டத்தைத் திருத்தி எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அது பிந்திப் போச்சு, உங்களுக்கு உதவும்.)

பத்திரப் பிரதி எடுக்க இலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் பழைய பேரேட்டைப் பக்கம் பக்கமாய்ப் புரட்ட வேண்டும். அதற்கு ஒருவருக்கும் நேரமில்லை. மூன்று முறை போய் வந்தேன். ஒருமுறை போன இடத்தில் என் கோவையையே காணவில்லை என்றார்கள். பிறகு வேறு மேசையில் இருந்தது. நாலாவது தடவைக்கு முதல் நாள் இரவு அம்மா தன் தகரப் பெட்டியைக் கிளறி ஒரு பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்தா. முகாமுக்கும் அவவோடு போய் வந்த பெட்டி. பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில், அப்பாவின் எழுத்தில், உர மானியக் கணக்குக்கும் மாடு கன்று போட்ட திகதிக்கும் நடுவில், "வளவு பமிற்" என்று எழுதி ஓர் இலக்கமும் திகதியும். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது, இலக்கத்தைத் தின்னவில்லை. மறுநாள் அதைக் காட்டியதும் அரை மணித்தியாலத்தில் பேரேடு வந்தது.

அண்ணா லீவில் வந்த பத்து நாளில் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, காணிப் பகுதிக்கு நேரே வந்து தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையொப்பமும் வைத்தார். பத்திரம் என் பெயருக்கு முழுதாய் வர மேலும் இரண்டு வருடம் போனது. ஆனால் வீட்டுத்திட்டத்துக்கு அந்தக் கடதாசிகளும் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலும் போதுமாய் இருந்தன. அண்ணாவுக்கு அந்த லீவு கிடைக்காமல் போயிருந்தால் எங்கள் பெயர் வெட்டுப்பட்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். அப்படிப் போன வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

ஆகவே திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டியல் வந்த பிறகு தருகிற தவணையில் காணிப் பிரச்சினை ஒன்றும் தீராது. மாரி முடிந்த சும்மா இருக்கும் மாதத்தில் காணிப் பகுதிக்குப் போய், பத்திரம் யார் பெயரில், பின்னுரித்தாளர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா அம்மா உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். "செத்த பிறகு என்ன நடக்கும்" என்று பெற்ற தகப்பனிடம் கேட்பது கஷ்டம்தான். எங்களுக்கும் வாய் வரவில்லை, அதனால்தான் கேட்காமலே விட்டோம்.

இனிக் கட்டின கதை.

திட்டத்தின் ஐந்தரை இலட்சமும் நான்கு கட்டமாக நேரே எங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நாங்களே கட்டுவிக்க வேண்டும், கொந்தராத்துக்காரர் இல்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து படம் எடுத்துக்கொண்டு போவார். அவர் சரி என்றால்தான் அடுத்த காசு. 550 சதுர அடி, இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, மலசலகூடம். கேட்க எல்லாம் நேராய் இருக்கிறது. கட்டம் முடிந்தால்தான் காசு என்றால், கட்டத்தை முடிக்கக் காசு எங்கே என்பதை யாரும் சொல்வதில்லை. யன்னல் மட்டத்தில் கை வெறுமையாகிவிட்டால், யன்னலுக்கு மேலே விட்டம் வைக்கிற லிண்டல் மட்டம் வரை உங்கள் காசில்தான் ஏற வேண்டும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. பிழை எங்களுடையது. மேசன் கயிறு பிடிக்கும்போது, "அக்கா, முன்னுக்கு எட்டடியில ஒரு விறாந்தை இழுத்தா வடிவு. அத்திவாரத்த இப்பவே போட்டு வைப்பம், மறுகா கட்டலாம்" என்றார். வடிவு என்றதும் நான் தலையாட்டிவிட்டேன். திட்டத்தில் இல்லாத விறாந்தை. அந்த அத்திவாரம் மட்டும் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி கருங்கல்லும் பதினைந்து பை சீமெந்தும் தின்றது. அளக்க வந்தவர் அதைப் பார்த்து, "இதுக்குக் காசில்ல, தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு, வீட்டின் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அந்த விறாந்தை அத்திவாரம் ஆறு வருடம் புல்லு முளைத்துக் கிடந்தது. ஆடு கட்டினோம்.

ஒன்றை மட்டும் திட்டத்துக்கு மேலே செய்ததற்கு நான் வருந்தவில்லை. அத்திவாரம் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற கதை வந்தபோது, என் கணவர் மேசனை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கத்தி வெட்டைக் காட்டினார். நீர்மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தால், வரைபடத்தில் சொன்ன உயரம் வெட்டுக்கு அரை அடி கீழே. இரண்டு வரிக் கல் கூடுதலாய் வைத்தோம். நிரப்ப மண் மட்டும் பதினொரு பெட்டி. அந்த மண்ணை நானும் அவரும் பிள்ளைகளும் அயலாரும் தாச்சியில் அள்ளியே கொட்டினோம். 2024 கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. அதோடு வற்றிவிட்டது.

காலத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆவணியில் தொடங்கினோம். ஐப்பசியில் மழை பிடித்தது. ஈரச் சுவரில் வேலை நின்றது. மழை விட்டதும் வெள்ளாமை வெட்டு. மேசனும் கையாளும் வயலுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது, வருடத்தில் கூலி கூடின மாதம் அது. நாலு மாதம் சுவர் நனைந்து பாசி பிடித்தது. மாசியில் காசு வந்தால் பங்குனியில் தொடங்குங்கள். புரட்டாதியில் காசு வந்தால் அத்திவாரத்தோடு நிறுத்திக் கல்லை அடுக்கி வையுங்கள். திட்டக்காரர் அவசரப்படுத்துவார்கள், வருடம் முடிவதற்குள் அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கிராம சேவகர் ஊடாக மழையைச் சொல்லி எழுத்தில் தவணை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். வாயால் கேட்டால் தரமாட்டார்கள்.

ஏற்றுகூலி எங்கள் கரையில் தனிக் கணக்கு. அப்போது மண்முனையில் பாலம் இல்லை; துறையில் 'பாதை' என்கிற மிதவையில்தான் கடக்க வேண்டும். பாரம் ஏற்றின லொறி வவுணதீவுப் பக்கத்தால், இல்லாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரும். சீமெந்துப் பைக்குக் கடையில் ஒரு விலை, எங்கள் வாசலில் ஒரு விலை. 2014 சித்திரையில் ஜப்பான் உதவியில் கட்டின மண்முனைப் பாலம் திறந்தார்கள். எங்கள் ஓடு அந்தப் பாலத்தால்தான் வந்தது. லொறிக்காரர் பழைய கூலியையே கேட்டார். "அண்ணன், பாலம் திறந்திட்டாங்க" என்று சொல்லி இரண்டாயிரம் குறைத்தேன்.

அந்த எட்டு இலட்சத்து நாற்பதாயிரத்தில் திட்டக் காசு போக மிச்சம் எங்கிருந்து வந்தது? அண்ணா தந்தது ஒரு இலட்சம். மகளின் காதுத்தோடும் என் சங்கிலியும் அடகு, எழுபதாயிரம். ஒரு சோடி மாடு விற்றது அறுபதாயிரம். மிச்சம் அறுபதாயிரம் கிழமைக் கடன். லிண்டல் மட்டத்தை எட்டுவதற்காக ஒரு குழுவில் சேர்ந்து எடுத்தேன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மரத்தடியில் கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் எழும்ப ஏலாது. கட்டப் போகும் வீட்டை நினைத்துக் கையெழுத்து வைத்தேன், செவ்வாய்க்கிழமைகளை நினைக்கவில்லை. அந்த வருடம் சோறு வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போன நாள் உண்டு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. நான் அதற்கு முதலே கடைசிச் சதம்வரை கட்டி முடித்திருந்தேன். ஒழுங்காய்க் கட்டினவர்களுக்கு ஒரு வெற்றிலைகூட இல்லை.

அடகு பரவாயில்லை. நகை போனாலும் வீட்டுக்கு ஆள் வராது. கிழமைக் கடனை வீட்டு வேலைக்குள் விடவே வேண்டாம் என்பது என் எண்ணம். வேறு வழி இல்லையென்றால் வீட்டைச் சின்னதாக்குங்கள். ஒரு அறைக்குத் தரை போடாமல், மண்டபத்துக்குப் பூச்சு இல்லாமல், உள்கதவுக்குப் பதிலாய்ச் சீலை கட்டி இருக்கலாம். நாங்கள் இன்னும் ஓர் அறைக்குப் பூச்சுப் பூசவில்லை. அந்த அறையில்தான் நெல்மூடை. அதற்கும் ஒரு பாடம் கிடைத்தது: குசினிச் சுவரோரம் மூடை அடுக்கியிருந்த வருடம் யானை வந்து அந்தச் சுவரைத் தள்ளிவிட்டது. நடு அறையில் வைத்தால் மணம் வெளியே குறைவு. யானை வரவே வராது என்று சொல்லமாட்டேன்.

தங்கச்சியின் கதை வேறு விதம்.

2020இல் கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு வீடு என்று 6 இலட்சம் ரூபாத் திட்டம் வந்தது. எங்கள் பிரிவில் தங்கச்சிக்குக் கிடைத்தது. பத்திரம் முதலே திருத்தி வைத்திருந்ததால் அந்தப் பக்கம் ஒரு சிக்கலும் இல்லை. அத்திவாரம் எழும்பியது, முதல் காசு வந்தது, சுவர் எழும்பியது. மச்சான் சந்தோசத்தில் பழைய கொட்டிலைப் பிரித்து அதன் தகரத்தையும் மரத்தையும் விற்று யன்னலுக்கு முற்பணம் கொடுத்தார். அதற்குப் பிறகு காசு வரவில்லை. இன்றைக்கு வரும், அடுத்த மாதம் வரும் என்றார்கள். 2022 வந்தது. ஆயிரம் ரூபாச் சொச்சத்துக்கு வாங்கின சீமெந்து மூவாயிரத்தை எட்டியது. கம்பியைக் கேட்கவே பயம். திட்டத்தில் எழுதின 6 இலட்சம் அப்படியே 6 இலட்சம்தான். அந்தக் காசுக்கு இப்போது பாதி வீடு.

மேலே படங்கு, சுற்றிக் கல்சுவர். அதற்குள் இரண்டு மாரி இருந்தார்கள். 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் கொடுப்பனவுக்கு விபரம் எடுக்க வந்த பிள்ளை சுவர் என்ன என்று கேட்டாள். கல். கூரை? படங்கு. அந்தப் பிள்ளை பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையும் படங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கொடுப்பனவுக்கு வீட்டின் நிலையையும் ஒரு அளவுகோலாய்ப் பார்க்கிறார்கள். "இது வசதியான வீடா, வசதியில்லாத வீடா அக்கா?" என்று என்னிடமே கேட்டாள். நான் அந்தப் படங்கின் ஓட்டையை ஆளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

கூரை ஏறும்வரை பழைய கொட்டிலைப் பிரிக்காதீர்கள். இதை நான் இப்போது எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன். திட்டக் காசு நின்றுபோகும். அரசாங்கம் மாறும், அமைச்சு மாறும், விலை ஏறும். கொட்டில் இருந்தால் பொறுத்திருக்கலாம். கொட்டில் இல்லாவிட்டால் என்ன வட்டிக்கும் கடன் எடுப்பீர்கள்.

இன்னொன்று, பற்றுச்சீட்டு. மச்சான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. நின்ற திட்டத்தைப் பற்றி முறைப்பாடு எழுதப் போனபோது எவ்வளவு செலவழித்தோம் என்று காட்ட ஒரு துண்டும் இல்லை. எங்களைப் போல ஒரு கணக்குக் கொப்பி தொடங்கச் சொன்னேன். திகதி, பொருள், கடை, விலை, ஏற்றுகூலி. ஒவ்வொரு கட்டம் முடியவும் நீங்களே தொலைபேசியில் ஒரு படம். அளக்க வந்தவரின் பெயரும் வந்த நாளும். அந்தக் கொப்பியைக் காட்டித்தான் போன வருடம் சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து கூரைக்கு எண்பதாயிரம் எடுத்தோம். மாதக் கட்டு, குறைந்த வட்டி. அண்ணா கொஞ்சம் போட்டார். தென்னங்கைமரம் எங்கள் வளவில் பட்ட மரத்திலிருந்து. ஓட்டுக்குக் காசு காணாது, கூரைச் சீற்தான்.

இப்போது கூரை இருக்கிறது. முன்கதவு இருக்கிறது. பின்கதவுக்கு ஓடாவி பதினெட்டாயிரம் கேட்கிறார். தங்கச்சி, பழைய கொட்டில் தகரத்தில் விற்காமல் தப்பின ஒரு துண்டை ஆணி அடித்து மறைத்து வைத்திருக்கிறாள். சிறுபோகம் வெட்டினதும் பார்ப்போம் என்கிறாள்.